பிரவுன் பேப்பர் போட்ட இரண்டு கையேடுகள்

காலை ஏழு இருபதுக்கு என் போனில் "61" என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியது என் மகள். வேறு ஓர் எழுத்துகூட இல்லை. எங்களுக்குள் பேசி வைத்த ஏற்பாடுதான் அது. சமையல் மேடைமேல் தயாராக வைத்திருந்த கையேட்டில் அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"இங்கே வரப்பு முடிகிறது. அப்பால் இருப்பது காய்ந்த தரை போலத் தெரியும். நம்ப வேண்டாம். உள்ளே இடுப்பளவு சேறு. துணைக்கு ஆள் இல்லாதவர்கள் திரும்பிவிடவும்."

கையில் இருந்த காபியைக் குடித்தேனா, கீழே வைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டம்ளர் சாயங்காலம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. நடந்து சில வாரம் ஆகிறது. போனில் தனியாக ஓர் எண் வந்தால் இப்போதும் என் கை கையேட்டைத் தேடுகிறது. நேற்று காஸ் சிலிண்டர் டெலிவரி ஓ.டி.பி. வந்ததற்கே உட்கார்ந்துவிட்டேன்.

மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். மாமன் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்ததிலிருந்து வீட்டில் காக்காய்க்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியை நான் விளக்குமாற்றால் தட்டப் போனால், "ப்பா, அஞ்சு நிமிஷம், வெளிச்சம் வரட்டும்" என்பாள். பிறகு காலேஜில் இயற்கைக் கழகம் என்று ஒன்றில் சேர்ந்தாள். மாதக் கடைசியில் மேற்கே மலைக்கு நான்கு நாள் போகிறார்கள், நடைப்பயணம், படம் எடுப்பது, கூடாரத்தில் தூங்குவது. போகலாமா என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு எல்.கே.ஜி.யிலிருந்து தெரியும். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் நிஜமான ஆபத்தைப் பார்ப்பவளுக்குக் கற்பனை ஆபத்துக்கு நேரம் கிடையாது. அவள்தான் நடுவில் வந்து ஒரு தீர்ப்பு சொன்னாள். முதலில் பக்கத்திலேயே, மரக்காணம் உப்பளத்தில், மகளும் அவள் தோழியும் ஒரு நாள் காலையில் போய் நடந்து, படம் எடுத்துக்கொண்டு வரட்டும். அது நல்லபடியாக முடிந்தால் மலை.

"நல்லபடியானா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு பிபி ஏறாம" என்றாள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கையில் முறையான வழிகாட்டிப் புத்தகம் இருக்க வேண்டும், அதை நான் பார்த்துத்தான் வாங்குவேன்.

பாண்டிச்சேரியில் ஒரு புத்தகக் கடைக்குப் போனோம். நாங்கள் இருக்கும் பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ் ஏறினால் உட்காரும் முன்பே பாண்டி வந்துவிடும். அலமாரி முன்னால் நின்ற பிறகுதான் அப்பாவும் மகளும் புத்தகத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படிப்பவர்கள் என்று தெரிந்தது. அவள் முன்பக்கத்திலிருந்து புரட்டினாள்: எந்த மாதத்தில் எந்தப் பறவை, காலையில் எந்தப் பக்கம் வெயில் விழும், எந்த லென்ஸ். நான் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவுக்கு நேராகப் போய்ப் பாம்பு, புதைசேறு, மின்னல் மூன்றையும் தேடினேன். இவை இல்லாத புத்தகத்தை மேலே படிக்கவில்லை.

முதலில் எடுத்தது பெரிய பளபளப்புப் புத்தகம். கையில் வாங்கியதும் ஒரு பக்கத் தோள் இறங்கியது. படம் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு நடக்க இன்னொரு ஆள் வேண்டும். அடுத்ததில், "வழியில் யானையைக் கண்டால் அந்தக் கணத்தை அனுபவியுங்கள்" என்று எழுதியிருந்தது. மூடி வைத்தேன். இன்னொன்றின் பின்னட்டையில் ஆசிரியர் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்படி உட்காருகிறவர் என் மகளுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது வெளிநாட்டுக்காரர்களுக்காக எழுதிய ஒரு புத்தகம். அதில் எங்கள் பஸ், எங்கள் தெருநாய், எங்கள் தேங்காய்ச் சட்னி எல்லாமே எச்சரிக்கைக் கட்டத்துக்குள் இருந்தன. எவ்வளவு பொறுப்பான மனிதர்!

"ப்பா, இதப் படிச்சா நீ வானூர் ஆபீஸுக்கே போவ மாட்ட" என்றாள் மகள்.

கடைக்காரர் ரொம்ப நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இதெல்லாம் டூர் போற புக்கு. நீங்க தேடுறதப் பாத்தா போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கும்."

கடைசியில் அவரே கீழ்த் தட்டிலிருந்து ஒல்லியான ஒரு தமிழ்க் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் பாதி எங்கள் கடற்கரையும் உப்பளமும் கழிமுகமும். இரண்டாம் பாதி மலை. ஒரு பக்கத்துக்கு ஓர் இடம். பக்கத்தின் மேலே வெளிச்சம், பறவை, நிற்கும் கோணம், அவள் மலர்ந்தாள். பக்கத்தின் கீழே "கவனம்" என்று ஒரு கட்டம்; நான் மலர்ந்தேன். பாம்பு ஏழு இடத்தில் வந்தது. வாங்கிவிட்டோம்.

வீடு திரும்பும்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு பக்கத்துக்கு ஓர் இடம் என்றால், அவள் பக்க எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், வீட்டில் இருந்தபடியே அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். பறவை முன்னால் போன் பேச முடியாது என்ற அவள் சாக்கும் செல்லாது. அதற்கு என்னிடமும் ஒரு பிரதி வேண்டும். கடையில் இருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடைபாதையில் தேடி ஒரு பழைய பிரதியைப் பிடித்தேன். அதே பெயர், அதே ஆசிரியர், அட்டையில் அதே நெடுங்கால் பறவை. புதியதில் மட்டும் மூலையில் சிவப்புப் பட்டை ஒன்று இருந்தது: "முழுவதும் திருத்தி எழுதப்பட்ட பதிப்பு." அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சோப்பு டப்பாவில் "புதிய நறுமணத்துடன்" என்று போடுவார்களே, அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? எங்கள் வீட்டுக்குள் எந்தப் புத்தகம் வந்தாலும் நான் பிரவுன் பேப்பர் போட்டுவிடுவேன். ஜூன் மாதத்துப் பழக்கம். மகள் பள்ளியை முடித்தும் என் கை முடிக்கவில்லை. இரண்டு புத்தகத்துக்கும் மடிப்பு பிசகாமல் போட்டு, லேபிள் ஒட்டி, ஒன்றில் "மகள்" என்றும் மற்றதில் "அப்பா" என்றும் எழுதினேன். சிவப்புப் பட்டை உள்ளே போய்விட்டது.

மகள் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "கேமரா பசங்க நடுவுல இதயா எடுத்துனு போவணும்? அப்டியே ஒரு சிலேட்டும் வாட்டர் பாட்டிலும் குடுத்துடுப்பா."

இப்படியாக அந்தக் காலையில் அவளும் தோழியும் முதல் பஸ்ஸில் மரக்காணம் போனார்கள். நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சமையல் மேடையில் கையேட்டை விரித்து வைத்தேன். ஏழு இருபதுக்கு இடுப்பளவு சேறு வந்தது.

மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"சேறுதான? குளிச்சா போயிடும்" என்று சேஃப்டி பின்னை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

நான் மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது: "62. சூப்பர்!" என் புத்தகத்தில் அறுபத்திரண்டு, பழைய மண்மேடு. "கவனம்: காலை வெயிலில் பாம்புகள் இங்கே வந்து படுக்கும்."

"பாம்பு இருக்குற எடத்துல நிக்குறா!"

"இன்னா எழுதிருக்கா?"

"சூப்பர்னு."

"பாம்பு கடிச்சவ சூப்பர்னா எழுதுவா? இத்தன வருஷமா வார்டுல பாக்குறேன், ஒருத்தரும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் திரும்பி, "ஏங்க, அவளத் தேடினு நீங்க போனீங்கன்னா, உங்களத் தேடினு நான் வர முடியாது. லீவு கெடையாது" என்றாள்.

அவள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மூன்றாவது வந்தது: "63. கொஞ்ச நேரம் படுக்கப் போறோம். போன் சைலன்ட்."

அறுபத்துமூன்றில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். "நிழலற்ற நீண்ட வெளி. தலை சுற்றினால் எக்காரணம் கொண்டும் படுத்துவிட வேண்டாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்காது."

என்ன எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்று பிறகு மனைவி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. டார்ச் லைட். காலை எட்டு மணிக்கு. குளுக்கோஸ் பாக்கெட். கையேடு. மொட்டை மாடியில் துணி காயப் போட்டிருந்த நைலான் கயிறு. துணிகளைத் தரையில் மடித்து வைத்துவிட்டுத்தான் அவிழ்த்தேன் என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஸ்கூட்டியில் ஈ.சி.ஆர். ரோட்டில் போனேன். கூனிமேட்டில் ஸ்பீடு பிரேக்கரில் குதித்தபோது டார்ச் தானாக எரிய ஆரம்பித்தது. அதை அணைக்கவும் தோன்றவில்லை. மரக்காணம் நெருங்கியதும் ரோட்டின் பக்கத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போன இடம். அன்று ஒவ்வொரு குவியலும் யாரோ படுத்திருப்பது போலவே இருந்தது.

வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு வரப்பில் இறங்கினேன். தோளில் கயிற்றுச் சுருள், கையில் பிரவுன் பேப்பர் போட்ட புத்தகம், முழுக்கைச் சட்டை. டீ கேனோடு மொபெட்டில் நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்.

"அளக்க வந்துக்கிறீங்களா சார்?"

"இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க, கேமராவோட..."

"எந்த ஆபீஸ் சார்?"

பொய் சொல்லத் தெரியாதது என் கோளாறு. "வானூர்" என்றேன்.

அவ்வளவுதான். பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏம்பா, வானூர்லேர்ந்து ரோடு அளக்க வந்துட்டாருப்பா!" என்று கத்தினார். நான்கைந்து பேர் வரப்பேறி வந்தார்கள். மழை பெய்தால் லோடு வண்டி உள்ளே வருவதில்லை என்றார் ஓர் அம்மா. எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று இன்னொருவர் காட்டினார். நான் கேட்டது ஒன்று, அவர்கள் சொன்னது ஒன்று. "பொண்ணுங்களப் பாத்தீங்களா?" என்றால், "ரோடு போட்டா பொண்ணுங்களுக்கும் நல்லதுதான சார்" என்கிறார்கள். கயிற்றைக் கொடுங்கள், அந்த முனையைப் பிடிக்கிறோம் என்று ஒருவர் கை நீட்டினார். ஒரு வழியாக, தனியாகப் போய்ப் பார்வையிட்டு வருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். பின்னால் டீக்காரர் பெருமையோடு சொன்னது காதில் விழுந்தது: "பாத்தியா, ஜீப்பு கூட இல்லாம நடந்து போறாரு."

புத்தகத்தைப் பிரித்தேன். "ஒற்றைப் பனையில் இடது பக்கம் திரும்பவும்." கண்ணுக்கு எட்டிய வரையில் ஒற்றையாக நின்றது செல்போன் டவர் ஒன்றுதான். இன்னும் தள்ளி இரண்டு பனை இருந்தது. இரண்டில் எது ஒற்றை என்று யோசித்து, முதல் பனையில் திரும்பினேன். வரப்பு ஒடுங்கியது. கைவிட்ட பழைய பாத்திகள் போலிருந்தன. மேலே வெயிலில் வெடித்த மண். காய்ந்த தரை போலவே தெரிந்தது. புத்தகம் சொன்னதைப் புத்தகம் கையில் இருக்கும்போதே மறந்து காலை வைத்தேன்.

இடுப்பளவு இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் வரைதான். ஆனால் இரண்டு காலும். ஒரு காலைத் தூக்கினால் மற்றது இறங்கியது. செருப்பு எங்கோ அடியில் தனியாக இருந்தது. கயிற்றை எடுத்தேன். கட்டுவதற்கு எதுவும் இல்லை, மறுபடி தோளிலேயே போட்டேன். அதன் மறுமுனையைப் பிடிக்க ஆசைப்பட்ட மனிதரைத்தான் நான் விரட்டிவிட்டு வந்திருந்தேன். புத்தகத்தில் சேற்றைப் பற்றிய கட்டத்தை எடுத்துப் படித்தேன். "சிக்கிக்கொண்டால் பதற வேண்டாம். அசையாமல் நிற்கவும்." பதறாமல் நிற்பது எப்படி என்பதற்குப் பக்கம் எண் கொடுத்திருக்கவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சரி, ஏற்பாடு என்றால் எல்லோருக்கும் ஏற்பாடுதானே. நான் நிற்கும் இடத்தை அனுப்பினேன்: "அப்பா 61-ல இருக்கேன்."

பிறகு பதில் வந்தது.

"ஐயோ சூப்பர்ப்பா!! வந்துட்டியா! இரு, நாங்களும் வர்றோம்."

உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அந்த "சூப்பர்" என்ற சொல்லை மறுபடி பார்த்தேன். அப்பா சேற்றில் நிற்கிறார் என்றால் இரண்டு ஆச்சரியக்குறி போடுகிற பெண்ணையா வளர்த்திருக்கிறோம்? அதற்குள் அடுத்தது வந்தது.

"எங்களுக்கு ரெண்டு மெதுவடை சொல்லி வை. சாம்பார்ல போட்டு."

சுற்றிலும் பார்த்தேன்.

வெயில், தண்ணீர், மண். வடை என்ற எண்ணமே வராத இடம். அப்போதுதான் கையில் இருந்த புத்தகத்தின் பிரவுன் பேப்பரை, வாழ்க்கையில் முதல் தடவையாக, நானே கிழித்தேன். மூலையில் சிவப்புப் பட்டை இல்லை. என் அறுபத்தொன்று சேறு. அவளுடைய அறுபத்தொன்று, திருத்தி எழுதியவர் புண்ணியத்தில், ரோட்டோர டிபன் கடை. ஏழு இருபதுக்கு அவள் இட்லிக்கு உட்கார்ந்திருக்கிறாள். அறுபத்திரண்டு, காலை வெளிச்சத்தில் உப்புக் குவியல், சூப்பராகத்தான் இருந்திருக்கும். அறுபத்துமூன்று, தாழ்ந்த வரப்பு. பறவையின் கண் மட்டத்தில் படம் எடுக்க வயிறு மண்ணில் படப் படுக்க வேண்டிய இடம். இவை எல்லாம் அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டவை. ஆனால் சேற்றில் நின்றபோதே வடையை வைத்துப் பெரும்பாலும் ஊகித்துவிட்டேன்.

"நான் கடையில் இல்லை" என்று பதில் அடிக்கப் போனேன். கை முழுக்கச் சேறு. போன் வழுக்கி, செருப்பு போன வழியிலேயே போயிற்று.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அசையாமல் நின்றேன். மகள் பத்திரமாக இருக்கிறாள், வடை சாப்பிடப் போகிறாள். மாட்டிக்கொண்டது நான்தான். அவள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு என்ன ஆகுமோ என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் அந்த இடத்தில், டீசல் தீர்ந்தது போல, நின்றுவிட்டது. காற்று கடல் பக்கத்திலிருந்து வந்தது. சேறு கணுக்காலில் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் அவசரமில்லை என்றிருந்தது. மலைக்கு மட்டும் இனி விடவே கூடாது, அங்கே இந்தச் சேறுகூட இருக்காது, நேராகப் பாறைதான் என்று அமைதியாக முடிவு செய்தேன். பின்னால் ஏதோ தண்ணீரில் சலசலத்தது. திரும்பிப் பார்த்தால் இன்னும் இறங்கிவிடுவேன் என்று திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணி பார்க்கும் போன் கீழே இருந்தது. தூரத்து வரப்பில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. டிபன் கடையில் என்னைக் காணாமல், சரி, வருவார் என்று உட்கார்ந்து வடையைத் தின்றுவிட்டு, பெரிய லென்ஸ் வழியாக உப்பளத்தைத் துழாவியிருக்கிறார்கள். காலையிலிருந்து அவர்கள் தேடியது பூநாரைக் கூட்டம். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் லென்ஸில் ஒரு கூட்டம் விழுந்தது. அதற்கு முன்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஒன்று தனியாக நின்றது.

ஓடி வருவாள், கதறுவாள் என்று எதிர்பார்த்தேன். குனிந்து, பூனை மாதிரி அடி வைத்து வந்தாள். தோழி பின்னால், எனக்குக் கட்டிய வடைப் பொட்டலத்தோடு. வரப்பு ஓரத்தில் சத்தமில்லாமல் குப்புறப் படுத்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"கயிறு தோள்ல இருக்கு, பிடிச்சி இழுங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ். அசையாதப்பா. அப்டியே நில்லு" என்று காற்றைவிட மெதுவாகச் சொன்னாள். "உன் பின்னாடிதான் எல்லாம் நிக்குது. அம்பதுக்கு மேல இருக்கும். இவ்ளோ கிட்ட யாருக்குமே வராதுப்பா."

நான் மூச்சை அடக்கினேன். சலசலப்பு முதுகுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"ப்பா, மலைக்குப் போலாமா? வாயத் தொறக்காத, பறந்துடும். தலைய மட்டும் ஆட்டு. மெதுவா."

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. பாறை, யானை, மின்னல், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. பின்னால் அத்தனை பறவை நிற்கும்போது எதைச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "இன்னொரு வாட்டி ஆட்டுப்பா. மொதல்ல ஆட்டுனது ஃபோகஸ் ஆவல."